ரெண்டு நாளில் இறங்கும் பேட்டரி, தானே பூட்டிக்கொள்ளும் கதவு

கேள்வி: 2010 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் காரை செகண்ட்ஸில் வாங்கினேன். ரெண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது. புது பேட்டரி போட்டும் அதே கதைதான். முந்தைய ஓனர் வெளியில் போட்ட ரிமோட் சென்டர் லாக் அவ்வப்போது தானாகப் பூட்டிக்கொள்கிறது. ஒருமுறை சாவி உள்ளேயே மாட்டிக்கொண்டது. சில நாள் காலையில் செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆவதில்லை. மீட்டரில் சாவி விளக்கு மின்னுகிறது. இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்றில் முதல் இரண்டுக்கும் ஈசியூவோடு தொடர்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பழைய காரில் கம்பெனி போட்ட ஒயரிங்கைவிட, பின்னால் வெட்டி ஒட்டியவைதான் முதலில் தகராறு செய்யும்.

பேட்டரியில் தொடங்குவோம். உங்கள் வண்டியில் இருப்பது 35 ஆம்பியர்-அவர் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் இருந்தால் சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும். 48 மணி நேரத்தில் 20 ஆம்பியர்-அவர் காலி. செல்ஃப் அடிக்க மிச்சம் போதாது. ஆகவே பெரிய ஷார்ட் எதையும் தேட வேண்டாம். சின்னக் கசிவு ஒன்று போதும்.

அதை அளக்க 10 ஆம்பியர் துளை உள்ள மல்டிமீட்டர் வேண்டும். கண்ணாடியை இறக்கிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் வந்து போகும்போது லாக் யூனிட் கதவைப் பூட்டிவிடலாம். டிரைவர் கதவு திறந்திருக்க வேண்டும், கதவு மூடும் தூணில் (பில்லர்) உள்ள அதன் சுவிட்சை அழுத்தி டேப் ஒட்டிவிடுங்கள். மற்றக் கதவுகளும் டிக்கியும் மூடியிருக்கட்டும். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். வண்டியின் மின்னணு யூனிட்கள் தூங்கட்டும், அரை மணி நேரம் தொடாதீர்கள். அதன்பின் 50 மில்லி ஆம்பியருக்குள் காட்டினால் சரி. 300, 400 என்று நின்றால் கசிவு உறுதி. மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

கசிவு எந்தப் பக்கம் என்று பார்க்க ஃபியூஸ்களைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடுவது பழைய வழக்கம். பிடுங்கிப் போட்டால் தூங்கிய யூனிட் விழித்துக்கொண்டு கணக்கைக் குழப்பும். மீட்டரை எடுத்துவிட்டு நெகட்டிவ் கேபிளை மறுபடி மாட்டி, அரை மணி நேரம் கழித்து, ஃபியூஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லிவோல்ட்டில் வையுங்கள். பூஜ்யம் என்றால் அந்த வழியில் கரண்ட் ஓடவில்லை. மற்றதைவிடப் பெரிய எண் காட்டினால் அந்தச் சுற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

நான் முதலில் சந்தேகப்படுவது பாட்டு செட்டை. பொதுவாக வெளியில் வாங்கும் செட்டில் மஞ்சள் ஒயர் எப்போதும் மின்சாரம் வேண்டுவது, சிவப்பு சாவி போட்டால் மட்டும் வர வேண்டியது. மாட்டியவர் சோம்பலில் இரண்டையும் சேர்த்து முறுக்கியிருந்தால் செட் தூங்கவே தூங்காது. அடுத்து, பேட்டரி பாசிட்டிவிலிருந்து தனியாகப் போகும் ஒயர்களைப் பின்தொடர்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஃபியூஸ் பெட்டிக்கு வராததால் அவை அங்கே பிடிபடாது. எதிலும் சிக்காவிட்டால் மிஞ்சுவது, கரண்ட் திரும்பிப் போகாமல் தடுக்கும் டைனமோவின் டையோடு. நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டைனமோவின் தடித்த கேபிளை விலக்கி டேப் சுற்றி, மறுபடி அளந்தால் தெரிந்துவிடும்.

இனி பூட்டு. இந்த வகை ரிமோட்டுகள் பலவற்றில், திறந்த பிறகு அரை நிமிடத்துக்குள் எந்தக் கதவும் திறக்கப்படவில்லை என்றால் தானே பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. கதவு திறந்ததை யூனிட்டுக்குச் சொல்வது பில்லரில் இருக்கும் அந்தக் கதவு சுவிட்ச். அது துருப்பிடித்திருந்தால், நீங்கள் இறங்கிக் கதவைச் சாத்தினாலும் யூனிட்டைப் பொறுத்தவரை யாரும் கதவைத் திறக்கவே இல்லை. அரை நிமிடம் ஆனதும் பூட்டிவிடும். ஒவ்வொரு கதவாகத் திறந்து உள்விளக்கைப் பாருங்கள். எரியாத கதவின் சுவிட்ச் போயிருக்கிறது. அதே சுவிட்ச் எதிர்ப்பக்கம் ஒட்டிக்கொண்டால் விளக்கு இரவெல்லாம் எரியும், பேட்டரியும் இறங்கும். இரண்டு புகாருக்கும் ஒரே சுவிட்ச் காரணமாக இருக்கலாம்.

சுவிட்ச் நன்றாக இருந்தால், டிரைவர் கதவுக்கும் பில்லருக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயை இழுத்துப் பாருங்கள். தினமும் மடங்கி மடங்கி உள்ளே ஒயர் அறுந்திருக்கலாம். ஒவ்வொன்றையும் லேசாக இழுத்தால், செம்பு அறுந்தது மட்டும் நீண்டு கொடுக்கும். டேப் சுற்றி விடாமல் சால்டர் வைத்து ஒட்டச் சொல்லுங்கள்.

ரிமோட்டையே நம்பியிருந்தவர்களின் டிரைவர் கதவு சாவித் துளை இறுகிப்போயிருக்கும்; பேட்டரி செத்த நாளில் அதுதான் ஒரே வழி. எண்ணெய் விடாதீர்கள், தூசியைப் பிடித்துக்கொள்ளும். கிராஃபைட் தூள் போட்டு மாதம் ஒருமுறை சாவியாலேயே திறங்கள்.

சாவி விளக்கு மின்னினால், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை என்று அர்த்தம். சாவிக்குள் இருக்கும் சில்லுக்கு பேட்டரி கிடையாது. ரிமோட் செல் போனாலும் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும். வளையத்தில் வேறு வண்டியின் சில்லுச் சாவி இருந்தால் பிரித்துவிட்டு முயலுங்கள். சாவியின் கூடு மாற்றப்பட்டிருந்தால் திறந்து, அந்தச் சின்னச் சில்லு இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனாலும் இம்மொபிலைசர் தடுமாறலாம். காலையில் மட்டும் தகராறு வருவதால் உங்களுக்கு இது பொருந்தும். செல்ஃப் அடிக்கும் அதே நேரத்தில் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் பூத்துப் போயிருக்கிறது. கழற்றி உப்புத்தாள் போட்டு இறுக்குங்கள். விளக்கு அணைந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பார்க்க வேண்டியது பெட்ரோல் பம்ப்: சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி ரீங்காரம் கேட்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, இரண்டாவது சாவியிலும் விளக்கு மின்னினால்தான் சாவித் துளையைச் சுற்றியுள்ள, சில்லைப் படிக்கும் சுருளையும் அதன் ஒயர் இணைப்பையும் (கப்ளர்) பார்க்க வேண்டும். ஈசியூ கடைசி. பழைய இரும்புக் கடையில் வாங்கியதை அப்படியே மாட்டினால் உங்கள் சாவி அதற்குத் தெரியாது. இணைத்துப் பதிவு செய்யாமல் வண்டி நகராது. மாற்றியே ஆக வேண்டும் என்பவரிடம், அந்தப் பதிவை யார் செய்வார், எவ்வளவு ஆகும் என்று முதலில் கேளுங்கள்.