லின்டர் காட்டிய 31 குறைகள்

கேள்வி: கொழும்பிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. எங்கள் குழு நெடுநாளாகப் பாவித்துவரும் டொக்கர்ஃபைல் (ஒரு நிரலை, அது இயங்கத் தேவையானவற்றுடன் சேர்த்துக் கட்டும் படிகளை எழுதிவைக்கும் கோப்பு) ஒன்றை, கோப்பை இயக்காமலே குறைகளைக் காட்டும் ஹேடோலின்ட் என்னும் லின்டரைக் கொண்டு பரிசோதித்தேன். அது 31 குறைகளைக் காட்டியது. "இவ்வளவு காலமும் ஒழுங்காகத்தானே இயங்குகிறது, அந்த விதிகள் எல்லாவற்றையும் புறக்கணிப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்" என்கிறார் என் மேலாளர். அவ்வாறு செய்யலாமா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: செய்ய வேண்டாம். ஆனால் 31 குறைகளையும் இன்றே திருத்திவிடவும் முற்பட வேண்டாம். ஒவ்வொரு விதியும் எதற்காக எழுதப்பட்டது என்பதை அறிந்து, பொருந்தினால் கோப்பைத் திருத்துவதும், பொருந்தாவிட்டால் காரணத்தை எழுதிவைத்து அந்த இடத்தில் மட்டும் விலக்களிப்பதுமே சரியான வழி. இதற்குப் பொறுமை வேண்டும். எட்டு மாதமே ஆன ஒருவருக்கு மேலாளரிடம் இதைச் சொல்வதற்குத் துணிவும் வேண்டும் என்பதை நான் உணர்கிறேன்.

ஹேடோலின்ட் என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். ஹாஸ்கல் மொழியில் எழுதப்பட்ட இந்தக் கருவி, டொக்கர்ஃபைலை வெறும் எழுத்துக்களாகத் தேடிப் பார்ப்பதில்லை. அதை இலக்கண மரமாகப் பகுத்து, அந்த மரத்தின் மீது விதிகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கிறது. 'ரன்' கட்டளைக்குள் இருக்கும் ஷெல் வரிகளை (கணினிக்கு எழுத்து வடிவில் இடும் கட்டளைகளை) ஆராய்வதற்கு ஷெல்செக் என்னும் இன்னொரு கருவியின் விதிகளைப் பாவிக்கிறது. ஆகவே நீங்கள் பெற்ற அறிக்கையில் 'டிஎல்' என்று தொடங்கும் எண்கள் டொக்கர்ஃபைலைப் பற்றியவை. 'எஸ்சி' என்று தொடங்குபவை ஷெல் வரிகளைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் பிழை, எச்சரிக்கை, தகவல், நடை என்று நான்கு தரங்களுள் ஒன்று தரப்பட்டிருக்கும். உங்கள் 31 குறைகளை முதலில் இந்தத் தரப்படி பிரித்துப் பாருங்கள். அடுத்தடுத்து வரும் 'ரன்' கட்டளைகளை ஒன்றாக்கச் சொல்லும் டிஎல்3059 போன்றவை வெறும் தகவல்கள், அவை காத்திருக்கலாம்.

காத்திருக்கக் கூடாதவற்றுள் முதலாவதாக நான் கருதுவது டிஎல்4006. எச்சரிக்கை என்ற தரத்தில்தான் இது வருகிறது. ஆனாலும் பல பிழைகளை விட இது பாரதூரமானது. 'ரன்' வரியில் ஒரு கட்டளையின் வெளியீட்டைக் குழாய்க் குறியினூடாக (|) இன்னொன்றுக்கு அனுப்பும்போது, முழு வரியின் வெற்றி தோல்வியைக் கடைசிக் கட்டளை மட்டுமே தீர்மானிக்கிறது. நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில், ஒரு நிறுவல் நிரலை 'கேர்ல்' என்னும் கருவி மூலம் இணையத்திலிருந்து இறக்கி அப்படியே 'எஸ்எச்' ஷெல்லுக்கு அனுப்பும் வரி ஒன்று இருந்தது. ஒரு நாள் பில்ட் (டொக்கர்ஃபைலின்படி இமேஜ் என்னும் வார்ப்பைக் கட்டும் வேலை) நடந்துகொண்டிருந்தபோது இணைய இணைப்பு அறுந்தது. 'கேர்ல்' தோற்றது, ஷெல்லுக்கு வெற்று உள்ளீடு கிடைத்தது, செய்வதற்கு ஒன்றுமில்லாத ஷெல் வெற்றி என்று அறிவித்து முடிந்தது. பில்ட் பச்சை நிறத்தில் நிறைவுற்றது. இமேஜுக்குள் அந்தக் கருவி இருக்கவேயில்லை. மறுநாள் சேவை நின்ற பிறகு, காரணத்தைத் தேடி நாங்கள் பாதி இரவைச் செலவழித்தோம். குழாயின் எந்தப் பகுதி தோற்றாலும் வரி முழுவதும் தோற்கும்படி 'பைப்ஃபெயில்' தெரிவை ஷெல்லுக்குக் கொடுங்கள் என்பதே அந்த விதி கேட்பது. லின்டரை அன்று ஓட்டியிருந்தால் ஒரு நொடியில் அது சொல்லியிருக்கும்.

அடுத்து டிஎல்3025. கொள்கலன், அதாவது இமேஜிலிருந்து இயங்கும் பிரதி, தொடங்கும்போது எதை இயக்குவது என்று சொல்லும் 'சிஎம்டி' கட்டளையைச் சாதாரண வரியாக எழுதினால், உங்கள் நிரல் ஒரு ஷெல்லின் கீழ் இயங்கத் தொடங்குகிறது. கொள்கலனை நிறுத்தச் சொல்லி டொக்கர் அனுப்பும் சமிக்ஞை அந்த ஷெல்லைச் சென்றடைந்து, பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறது. உங்கள் நிரலுக்குச் செய்தியே கிடைக்காததால், டொக்கர் இயல்பாக 10 விநாடிகள் காத்திருந்துவிட்டு அதைப் பலவந்தமாக முடிக்கிறது. பாதியில் இருந்த வேலைகள் பாதியிலேயே அறுபடுகின்றன. சதுர அடைப்புக்குள் மேற்கோள் குறிகளுடன் ஜேசன் வடிவில் எழுதினால் இந்த இடைத்தரகர் இல்லாமற் போகிறார். ஒவ்வொரு முறை புதிய பதிப்பை ஏற்றும்போதும் உங்கள் சேவை நிற்பதற்குச் சரியாக 10 விநாடிகள் எடுக்கிறதென்றால், மேலாளருக்குக் காட்ட அதைவிட நல்ல சான்று தேவையில்லை.

விலக்களிக்கும் முறையும் முக்கியம். ஹேடோலின்டின் அமைப்புக் கோப்பில் ஒரு விதியைப் புறக்கணிக்கச் சொன்னால், அது எல்லா வரிகளுக்கும், இனி எழுதப்போகும் வரிகளுக்கும் சேர்த்து மௌனமாகிவிடும். கட்டளைக்கு நேர் மேலே உள்ள வரியில் ஹேடோலின்டுக்குரிய விலக்குக் குறிப்பை விதி எண்ணுடன் எழுதினால், அந்த ஒரு கட்டளைக்கு மட்டுமே விலக்குக் கிடைக்கும். அதற்கும் மேலே ஒரு வரியில், ஏன் விலக்களித்தீர்கள் என்பதைச் சாதாரணக் குறிப்பாக எழுதுங்கள். உங்களுக்குப் பின் வருபவர் இன்னொரு முறை ஆராயத் தேவையிருக்காது. பழைய கோப்பு என்பதால், தொடக்கத்தில் தோல்வி வரம்பை (எந்தத் தரத்திலிருந்து லின்டர் தோல்வி என்று அறிவிக்க வேண்டும் என்பதை) 'பிழை' என்ற தரத்தில் வைத்து, பிழைகள் தீர்ந்த பின் 'எச்சரிக்கை'க்கு இறக்குங்கள். உங்கள் குழு இதை ஏற்றுக்கொள்ளும் என்றே நம்புகிறேன்.

கேள்வி: லின்டரின் டிஎல்3008 விதிக்குக் கீழ்ப்படிந்து, டெபியன் 12 என்னும் லினக்ஸ் இயங்குதளத்தின் இமேஜில் நிறுவும் ஒவ்வொரு பொதிக்கும் முழுமையான பதிப்பு எண்ணைக் கொடுத்தேன். சில வாரங்களில் பில்ட் தோற்றுவிட்டது. அந்தப் பதிப்பைக் காணவில்லை என்கிறது. விதி பிழையா, நான் பிழையா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: விதியின் நோக்கம் சரி. இன்று கட்டும் இமேஜும் ஆறு மாதம் கழித்துக் கட்டும் இமேஜும் வேறுபடக் கூடாது என்பதற்காகவே அது பதிப்பைக் குறிக்கச் சொல்கிறது. ஆனால் டெபியனின் வழமையான களஞ்சியத்தில் ஒரு பொதிக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்தால், புதியது பழையதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் எழுதிய எண் அங்கே இல்லாமற் போனது இதனால்தான்.

டெபியன் 12இல் 'கேர்ல்' பொதியின் மூலப் பதிப்பு 7.88.1. பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்போது இந்த எண் மாறாமல், அதன் பின்னால் வரும் டெபியன் ஒட்டு மட்டுமே மாறுகிறது. ஆகவே 7.88.1 வரை எழுதி, எஞ்சியதற்கு உடுக்குறி (*) இட்டால் டெபியனின் நிறுவல் கருவியான ஆப்ட் அதை ஏற்றுக்கொள்ளும், லின்டரும் திருப்தியடையும், பாதுகாப்புத் திருத்தங்களும் தடையின்றி வந்து சேரும். உலாவிகள் போன்ற சில பொதிகளுக்கு மூலப் பதிப்பே மாறுவதுண்டு, அவற்றுக்கு இது உதவாது. எந்தப் பொதியின் பதிப்பும் மாறாத இமேஜ்தான் வேண்டுமென்றால், அடிப்படை இமேஜை, அதன் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் ஷா256 கைரேகையால் குறிப்பிட்டு, பழைய பதிப்புகளையும் பேணிவைக்கும் டெபியன் ஸ்னாப்ஷொட் களஞ்சியத்திலிருந்து பொதிகளை எடுக்க வேண்டும். அப்போது பாதுகாப்புத் திருத்தங்களை நீங்களே நினைவில் வைத்துக் கொண்டுவர வேண்டியிருக்கும். சிறிய குழுவுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பைதன் பொதிகளைப் பற்றிய டிஎல்3013 விதியை இதனுடன் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே பழைய பதிப்புகள் பொதுவாக நீக்கப்படுவதில்லை. முழு எண்ணையும் தயங்காமல் எழுதலாம்.

கேள்வி: என் இறுதியாண்டுச் செயற்றிட்டத்தின் டொக்கர்ஃபைலில் ஹேடோலின்ட் ஒரு குறையும் காணவில்லை. தரவுத்தளக் கடவுச்சொல்லை, சூழல் மாறிகளை அமைக்கும் 'என்வ்' கட்டளையில் வைத்திருக்கிறேன். லின்டர் ஒன்றும் சொல்லாததால் இது பாதுகாப்பானது என்று அறிக்கையில் எழுதலாமா? (மாணவர், தெஹிவளை)

பதில்: எழுதக் கூடாது. கொள்கலன் என்றவுடன் கொழும்பில் வாழும் நமக்குத் துறைமுகமே நினைவுக்கு வரும். அங்கே பெட்டியுடன் வரும் பத்திரத்தைச் சரிபார்ப்பதும், பெட்டியைத் திறந்து பார்ப்பதும் வெவ்வேறு வேலைகள். ஹேடோலின்ட் பத்திரத்தை வாசிக்கிறது. அதுவும் தன்னிடமுள்ள விதிகளின்படி மட்டுமே. உங்கள் இமேஜிலுள்ள பொதிகளில் அறியப்பட்ட பாதுகாப்புக் குறைகள் உண்டா என்று பார்ப்பதற்கு ட்ரிவி போன்ற கருவி வேண்டும்.

'என்வ்' கட்டளையில் எழுதிய கடவுச்சொல், இமேஜைக் கையில் வைத்திருக்கும் எவருக்கும் டொக்கரின் ஒரே கட்டளையில் தெரிந்துவிடும். அதைக் கோப்பாக 'கொப்பி' செய்து பின்வரும் 'ரன்' வரியில் அழித்தாலும் பயனில்லை, ஏனெனில் அடுக்கடுக்காகக் கட்டப்படும் இமேஜின் முந்திய அடுக்கில் அது அப்படியே இருக்கும். 2024ஆம் ஆண்டு டொக்கர் தன் பில்ட் கட்டளையிலேயே சேர்த்த சோதனைகளுள் ஒன்று, இரகசியம் போலப் பெயரிடப்பட்ட மாறிகளைக் கண்டு எச்சரிக்கிறது. அதையும் ஓட்டிப் பாருங்கள். பில்டின்போது தேவைப்படும் இரகசியத்தை, டொக்கரின் பில்ட் கருவியான பில்ட்கிட்டின் இரகசிய இணைப்பு வழியாகவும், இயங்கும்போது தேவைப்படுவதைக் கொள்கலனைத் தொடங்கும் வேளையிலும் கொடுங்கள். அந்த இமேஜை ஏதாவது பொதுக் களஞ்சியத்தில் ஏற்கெனவே ஏற்றியிருந்தால், அறிக்கையை எழுதுவதற்கு முன் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.