மூலம்தான் என்று யார் பார்த்துச் சொன்னார்கள்?

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. தோல் பட்டறையில் வேலை. மூன்று மாதமாக மலத்தோடு ரத்தம் போகிறது. போய் வந்த பிறகும் "இன்னும் இருக்குற மாதிரியே இருக்கு" என்கிறார். ஆசனவாய் ஓரத்தில் பயறு அளவில் ஒரு கட்டியும் இருக்கிறது. மூலம் என்று சொல்லி, மாமியார் ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய துத்திக்கீரையும் மெடிக்கலில் வாங்கிய ஆயின்ட்மென்ட்டும் ஆயிற்று. ஹீமோகுளோபின் 8.4 என்று சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இது கேன்சராக இருக்குமா டாக்டர்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தாராவி, மும்பை

பதில்: சகோதரி, கடிதத்தை வைத்து இன்னது என்று சொல்ல முடியாது. ஆசனவாய் ஓரக் கட்டி பெரும்பாலும் வெளிமூலமாகத்தான் இருக்கும். அதில் ரத்தம் கட்டினால் நீலம் பாரித்து உயிர் போகிற மாதிரி வலிக்கும், சில வாரத்தில் தானே அடங்கும். வலியில்லாமல் கெட்டியாக வளர்ந்தாலோ புண்ணானாலோ லேசாக விடக் கூடாது.

எனக்குக் கவலை தருவது அந்த 8.4. ஆண்களுக்கு 13க்குக் கீழே போனாலே ரத்தசோகை. மாத்திரை கொடுத்தால் மட்டும் போதாது, ரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும். அப்புறம், "இன்னும் இருக்குற மாதிரி" என்கிறாரே, மலக்குடலுக்குள் ஒரு வளர்ச்சி இருந்தால் உடம்பு அதையும் மலம் என்றே நினைத்து முக்கச் சொல்லும்.

சிவப்பாகச் சொட்டினால் மூலம், கறுப்பாகப் போனால்தான் கேன்சர் என்று நம் ஜனங்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மலக்குடல் கேன்சரிலும் ரத்தம் சிவப்பாகவே வரும். மூலமும் கேன்சரும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தும் இருக்கலாம். அதிலும் அரை இருட்டான பொதுக் கழிப்பறையில் நிறத்தைப் பார்த்து என்ன முடிவு செய்ய முடியும்?

யாராவது விரல் விட்டுப் பார்த்தார்களா? இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கிக்கொண்டால், உறை போட்ட விரலால் ஒரு நிமிஷச் சோதனை. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் கட்டி இருந்தால் பல நேரம் அதிலேயே தட்டுப்படும். இதைச் செய்யாமல் மாதக்கணக்கில் மூலத்துக்கு மருந்து போடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. வெட்கத்தில் அவரே மறுத்திருந்தால், பக்குவமாகப் பேசிச் சம்மதிக்க வையுங்கள்.

பக்கத்திலேயே சயான் ஆஸ்பத்திரி. இந்த வாரமே சர்ஜரி ஓபிடியில் காட்டுங்கள்; மயக்கம், மூச்சுவாங்கல் இருந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். விரலில் ஒன்றும் தட்டுப்படாவிட்டாலும் கொலனாஸ்கோப்பி பற்றிக் கேளுங்கள்; ஆசனவாய் வழியே கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை அது. முந்தின நாள் பேதி மருந்து குடித்துக் குடலைக் காலி செய்வதுதான் அதில் சிரமம். பாலிப், அதாவது குடலின் உள்சுவரில் வளரும் சதை மொட்டு, இருந்தால் பெரும்பாலும் அந்தக் குழாய் வழியாகவே எடுத்துவிடலாம். சந்தேகமான இடத்தில் துளி சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள். கேன்சர் என்றே வந்தாலும் பரேலில் டாடா மெமோரியல் இருக்கிறது. ஆரம்பத்திலேயே பிடித்து, ஆபரேஷனில் குணமானவர்கள் நிறையப் பேர்.

ரத்த ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். சத்து மாத்திரை சாப்பிடுவதையும் சொல்லுங்கள். இரும்புச்சத்தால் மலம் கறுக்கும், கொலனாஸ்கோப்பிக்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அவருடைய அப்பாவுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ குடல் கேன்சர் இருந்ததா என்று மாமியாரிடம் இன்றைக்கே போனில் கேட்டு வையுங்கள்.