கற்பனைக் கதைகளில் சாகாவரம் தரும் கெட்ட மாயப்பொருள்களில், உங்கள் கணக்கில் கெட்டிக்காரத்தனமானது எது?

மயிலிராவணனின் ஐந்து விளக்குகள். ஹாரி பாட்டரில் வரும் ஹார்கிரக்ஸைச் சொல்வேன் என்று நினைத்து வந்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள், அதற்கும் வருகிறேன். (ஏழு புத்தகத்தையும் முடிக்காதவர்கள் இந்த ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொள்ளலாம். கதையை முழுசாகப் போட்டு உடைக்கப்போகிறேன்.)

2011 டிசம்பர் 30, தானே புயல் எங்கள் கடலூரைப் புரட்டிப்போட்ட நாள். நான் அப்போது பிளஸ் டூ. அன்றைக்குப் போன கரண்ட் எங்கள் தெருவுக்கு நாள்கணக்கில் வரவில்லை. நண்பனிடம் இரவல் வாங்கிய ஆறாவது ஹாரி பாட்டரை மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருந்தேன். "கண்ணு அவிஞ்சிபோவுது, அப்படி என்னாடா கதை அது?" என்றார் ஆயா, அதாவது என் பாட்டி. சொன்னேன். வால்டிமார்ட் என்று ஒருத்தன், சாகக்கூடாது என்பதற்காகத் தன் உயிரைத் துண்டு போட்டு டைரி, மோதிரம், லாக்கெட், கோப்பை என்று ஆளுக்கொரு பக்கம் ஒளித்துவைக்கிறான், அந்தச் சாமான்களுக்குப் பெயர்தான் ஹார்கிரக்ஸ். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கொலை. துண்டு ஒன்று மிச்சமிருந்தாலும் அவன் சாகமாட்டான்.

"இது நம்ம கிளி கதைதானேடா" என்றவர், கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுவிட்டுக் கேட்டார்: "எல்லாத்தையும் ஒரே நேரத்துல அழிக்கணுமா, ஒண்ணொண்ணா அழிச்சாலும் செத்துப்போவானா?"

"ஒண்ணொண்ணா அழிச்சாலே போதும் ஆயா."

"அப்ப அவன் கூறுகெட்டவன். மயிலிராவணன் அப்படி வுடல."

அப்புறம் தொடங்கினார். பாதாள இலங்கையின் ராஜா மயிலிராவணன். ராமரையும் லட்சுமணரையும் தூக்கிக்கொண்டுபோய்க் காளிக்குப் பலி கொடுக்கப் பார்த்தவன். அவன் உயிர் ஐந்து விளக்குகளில் இருந்தது. விளக்குகள் ஐந்து திசையில். ஐந்தையும் ஒரே மூச்சில் அணைத்தால்தான் அவன் சாவான், ஒன்று மீந்தாலும் வேலைக்காகாது. அதற்காக அனுமார் ஐந்து முகம் எடுத்தார்: தன் முகத்தோடு நரசிம்மர், கருடன், வராகர், ஹயக்ரீவர். (விளக்குக்குப் பதில் பெட்டிக்குள் அடைத்த வண்டுகள் என்று சொல்கிறவர்களும் உண்டு.) பாண்டியிலிருந்து திண்டிவனம் போகிற சாலையில் பஞ்சவடி கோயிலில் 36 அடி உயரத்துக்கு நிற்கிற பஞ்சமுக ஆஞ்சநேயரைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஐந்து முகத்துக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருப்பது ஆயா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இன்றைக்கு நான் பாண்டிச்சேரியில் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன். ஆயாவின் கேள்வி எவ்வளவு சரியானது என்பது வேலைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வால்டிமார்ட் செய்ததும் பேக்கப்தான், ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று எடுத்துவைக்கிற நகல். ஆறு இடத்தில் வைத்து, தன் உடம்போடு சேர்த்து ஏழாக்க நினைத்தான். எண்ணிக்கையில் குறை சொல்ல முடியாது. எடுத்த பேக்கப் உயிரோடு இருக்கிறதா என்று ஒருநாள் கூடப் பார்க்காததுதான் கோளாறு. டைரி இரண்டாவது புத்தகத்திலேயே காலி. மோதிரத்தை, ஹாரி படிக்கிற மந்திரப் பள்ளியின் தலைமையாசிரியர் டம்பிள்டோர் உடைத்துவிட்டார். அழிந்த நேரத்தில் இவனுக்கு ஒன்றும் வலிக்கவில்லை, தெரியவும் இல்லை. கடைசிப் புத்தகத்தில் கோப்பை களவுபோன சேதி வந்த பிறகுதான், மற்றதெல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொரு இடமாக ஓடுகிறான். எங்கள் வேலையில் இப்படிப்பட்டவருக்கு இன்க்ரிமென்ட் கிடையாது. போதாக்குறைக்கு ஹாரியையே ஒரு பேக்கப்பாக்கிவிட்டு, அது தெரியாமல் அவனையே கொல்லத் துரத்துகிறான்.

இன்னொன்று, அவன் தேர்ந்தெடுத்த சாமான்கள். எல்லாம் பெருமைப்பட்ட சாமான்கள். பள்ளியை நிறுவியவர்களின் லாக்கெட், கோப்பை, மகுடம். நம்ம தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு உடைந்த கிளிஞ்சலில் வைத்துவிட்டுப் போயிருந்தால் எந்த டம்பிள்டோர் வந்து தேடியிருப்பார்? பவுசு விடவில்லை. எங்கே வைத்திருப்பான் என்று மற்றவர்களால் ஊகிக்க முடிந்ததே அதனால்தான்.

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் வரும் வில்லன் சாரோனின் மோதிரத்தை நிறைய பேர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அது வேறு ஜாதி. கிட்டத்தட்ட 500 வருடம் அதை வைத்திருந்த கோல்லம் (Gollum) என்கிறவன் செத்துப்போகவில்லை, வாழவும் இல்லை. இருட்டுக் குகையில் பச்சை மீன் தின்றுகொண்டு கிடந்தான். அதற்குப் பெயர் வரமா? அந்த மாதிரி நீட்டிப்பை எங்கள் ஆயா கூட வேண்டாம் என்றிருப்பார், அதுவும் குழம்பு வைக்காத மீனோடு.

'கெட்ட' மாயப்பொருள் என்று கேட்டிருப்பதால் ஊர்க்காரன் என்ற முறையில் ஒரு சின்னக் கிளைக்கதை. மரணமிலாப் பெருவாழ்வு என்று பேசியவர் எங்கள் மாவட்டத்து வள்ளலார். 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் பாதையில் முதல் நிபந்தனை கொல்லாமை. ஹார்கிரக்ஸுக்கு முதல் நிபந்தனை கொலை. தைப்பூசத்துக்கு வடலூரில் ஏழு திரை விலக்கி ஜோதி காட்டும்போது கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே இதை நினைத்திருக்கிறேன். ஏழு என்ற எண் யாரையும் விடமாட்டேன் என்கிறது.

சரி, இந்தப் பெரிய கைகள் எல்லோரும் தோற்றது எப்படி? யாரோ வாய் திறந்ததால். ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளின் வில்லன் கொஷ்செய்க்கு உயிர் ஊசி முனையில். ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள், பெட்டி ஓக் மரத்தடியில். இத்தனை பூட்டுப் போட்டவன், தூக்கிவந்த பெண்ணிடம் தானே உளறிவிட்டான். 1868-இல் மேரி ஃபிரேர் அச்சில் ஏற்றிய தக்காணத்துக் கதையிலும் அப்படித்தான்: அடுக்கிவைத்த ஆறு குடம், அடியில் கூண்டு, கூண்டுக்குள் பச்சைக்கிளி. மந்திரவாதி அதையும் சிறைபிடித்தவளிடம் சொல்லிவிட்டான். அந்தக் கதைகளை மேரி ஃபிரேருக்குச் சொன்னவர் அவர் வீட்டில் வேலைக்கு இருந்த ஆயா, அன்னா லிபெராட்டா டி சூசா. வால்டிமார்ட் இளைஞனாக இருந்தபோது வாத்தியாரிடமே போய், ஏழு துண்டாக்கலாமா என்று சந்தேகம் கேட்டான். கடைசியில் அந்த வாத்தியாரின் நினைவுதான் அவனைக் காட்டிக்கொடுத்தது. அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஐந்து விளக்கு வைத்த மயிலிராவணனையும், ஆயா சொன்ன கதைப்படி, கூடப்பிறந்த தங்கைதான் காட்டிக்கொடுத்தாள். ஆனால் அவளுக்கு அண்ணன் செய்த கொடுமைக்கு அவள் சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

புயலுக்கு முந்தின நாள் ஆயா தன் கல்லு வைத்த கம்மலைக் கழற்றி எங்கேயோ ஒளித்துவைத்தார். ஓடு பறந்தது, சுவர் நனைந்தது. கம்மல் எங்கே என்று கேட்டால் "இருக்குதுடா, இருக்கிற எடத்துல" என்று மட்டும் சொல்வார். ஐந்து வருடம் கழித்து அதைச் சொல்லாமலே போய்விட்டார். ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்கும்போது அப்பா பரணில் இருக்கிற பழைய புளிப்பானையை இறக்கி, உள்ளே கையை விட்டு ஒருமுறை துழாவுகிறார். புளிதான் வருகிறது.