கேளுங்கள், சொல்கிறோம்: மாவு ஒன்று, கணக்கு வேறா?

கேள்வி: இட்லிக்கும் தோசைக்கும் ஒரே மாவுதானே, தோசையில் மட்டும் கலோரி எப்படிக் கூடுகிறது?

பதில்: எண்ணெயால்தான். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, கொழுப்பில் 9. ஒரு டீஸ்பூன் எண்ணெய் சுமார் 40 கலோரி. 30 கிராம் எடையுள்ள சின்ன இட்லியும் ஏறக்குறைய அவ்வளவே. முறுகலுக்காகச் சுற்றிலும் விடும்போது யார் அளக்கிறார்கள்? தோசைக்கான எண்ணெயை முதலிலேயே டீஸ்பூனால் அளந்து சின்னக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். எவ்வளவு போகிறது என்பது தெரிந்துவிடும்.

இட்லி சாப்பிடுகிறவர்களும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். பொடிக்கு நல்லெண்ணெய் குழைத்தால் அதே கதைதான். சட்னியில் சேரும் 30 கிராம் தேங்காய்த் துருவலே 100 கலோரி. காய் நிறையப் போட்ட சாம்பார் என்றால் தாராளமாக ஊற்றிக்கொள்ளலாம், தாளிப்பு மிதக்காதவரை!