விக்கியில் கொடுத்த இணைப்பு இன்னொரு கணினியில் ஏன் திறப்பதில்லை?

கேள்வி: எங்கள் வயற்காணி, வளவு விபரங்களை எல்லாம் டிட்லிவிக்கியில் (குரோம் போன்ற உலாவியில் திறக்கும், ஒரே கோப்பாக உள்ள குறிப்பேடு) எழுதி வைத்திருக்கிறேன். ஸ்கேன் செய்த காணி உறுதிப் பத்திரங்கள், நில அளவைப் படங்கள், வேர்டில் அடித்த கடிதங்கள் என எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே இணைப்புக் கொடுத்திருக்கிறேன். விக்கியும் ஆவணங்களும் ஒரே பென் டிரைவில்தான் இருக்கின்றன. வீட்டில் குரோமில் திறந்தால் சரியாக இருக்கிறது. திருகோணமலை டவுனில் தம்பியின் கணினியில் போட்டால் ஒன்றுமே திறப்பதில்லை. கடிதங்களில் செய்த திருத்தங்களும் பிறகு பார்த்தால் இல்லை. என்ன செய்வது?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: முதலில் திருத்தங்களைக் கவனிப்போம், அதுதான் அவசரம். குரோமுக்கு வேர்ட் கோப்பைத் திறக்கத் தெரியாது. இணைப்பை அழுத்தியதும் அது ஒரு பிரதியை எடுத்து டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் போடுகிறது. நீங்கள் திறந்து திருத்தியது அந்தப் பிரதியை. பென் டிரைவில் உள்ள மூலக் கடிதம் அப்படியே இருக்கிறது. ஆகவே இன்றைக்கே வீட்டுக் கணினியின் டவுன்லோட்ஸைத் திறந்து, திகதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள். ஒரே பெயருக்குப் பின்னால் (1), (2) என்று போட்டபடி உங்கள் கடிதங்கள் கிடக்கும். யாராவது அதைத் துப்புரவாக்குவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது இணைப்பு. நீங்கள் கொடுத்திருப்பது டிரைவ் எழுத்தில் தொடங்கும் முழுப் பாதையாகத்தான் (கோப்பு இருக்கும் இடத்தின் முகவரி) இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அந்தப் பென் டிரைவுக்கு விண்டோஸ் 'ஈ' என்று எழுத்துக் கொடுத்திருந்தால், தம்பியின் கணினியில் 'எஃப்' அல்லது 'ஜி' என்று கொடுத்திருக்கலாம். பாதையின் முதல் எழுத்தே மாறிவிட்டால் கோப்பு எப்படிக் கிடைக்கும்?

இதற்கு முழுப் பாதையைக் கைவிட வேண்டும். விக்கிக் கோப்பு ஒரு ஃபோல்டரில் இருக்கட்டும். அதற்குள்ளேயே ஆவணங்களுக்கு ஒரு ஃபோல்டர் போடுங்கள். இணைப்பில் டிரைவ் எழுத்து வேண்டாம். ஆவண ஃபோல்டரின் பெயர், ஒரு சாய்கோடு (/), கோப்பின் முழுப் பெயர், அவ்வளவுதான். உலாவி அதை விக்கி இருக்கும் இடத்திலிருந்து தேடிக்கொள்ளும்.

ஆனால் வழக்கமான இரட்டைச் சதுர அடைப்புக்குள் இப்படி எழுதினால் டிட்லிவிக்கி அதை உள்ளே இருக்கும் ஒரு குறிப்பின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். இணைப்பு சாய்வெழுத்தில் தெரிந்தால் அதுதான் அடையாளம். எனவே ஒரு சதுர அடைப்பைத் திறந்து, ஈ, எக்ஸ், டி என்ற மூன்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளை எழுதி, மறுபடி ஒரு அடைப்பைத் திறங்கள். பிறகு தலைப்பு, நேர்கோடு (|), பாதை. கடைசியில் இரண்டு அடைப்பையும் சேர்த்து மூடுங்கள்: [ext[தலைப்பு|பாதை]]. ஸ்கேன் பிடிஎஃப் ஆக இருந்தால் குரோமே அதைக் காட்டும், பிரதிச் சிக்கலும் வராது.

கோப்புப் பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் இடைவெளி இல்லாமல் வைப்பது நல்லது. தமிழ் தலைப்பில் இருக்கட்டும், யாருக்கும் குறையில்லை. நான் இதை வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் கணினிக்குள் ஒரே குறியீடாகவும் இருக்கலாம், இரண்டு தனிக் குறியீடுகளாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், விண்டோஸுக்கு அவை வேறு வேறு கோப்புகள். பெயரில் # குறி இருந்தாலும் இணைப்பு அந்த இடத்தோடு அறுந்துவிடும்.

ஸ்கேன்களை விக்கிக்குள்ளேயே இழுத்துப் போட்டால் தொல்லை விட்டது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உள்ளே போன படம் எழுத்துக் குறியீடாக மாறும்போது மூன்றில் ஒரு பங்கு பெருக்கிறது. 3 எம்பி ஸ்கேன் 4 எம்பி ஆகும். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அவ்வளவையும் சேர்த்தே எழுத வேண்டும். விக்கியை இணையத்தில் ஏற்றும் யோசனையும் உங்களுக்குப் பயன்படாது: இணையத்திலிருந்து வந்த பக்கம் உங்கள் கணினியில் உள்ள கோப்பைத் திறக்க உலாவி விடாது. அது உங்கள் பாதுகாப்புக்குத்தான்.

கடிதங்களை அடிக்கடி திருத்துகிறீர்கள் என்றால், அவற்றை மட்டும் பென் டிரைவிலிருந்து நேரே திறந்து திருத்துங்கள். இல்லாவிட்டால் ஜிம் (Zim) அல்லது ஆப்சிடியன் (Obsidian) என்ற குறிப்பேட்டு மென்பொருளுக்கு மாறுங்கள். இரண்டும் இலவசம். இவை கோப்பை உலாவியிடம் கொடுப்பதில்லை. வேர்ட் கோப்பை வேர்டிடமே கொடுத்துவிடும், திருத்தமும் மூலத்திலேயே சேமிக்கப்படும். ஜிம்மில் ஒவ்வொரு பக்கத்துக்கும் சொந்த ஃபோல்டர் இருப்பதால் காணி வாரியாகப் பிரித்து வைக்கவும் வசதி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் வீடுகளோடு பத்திரங்களையும் கடல் கொண்டுபோனது. இணைப்பு மட்டும் போதாது. ஒவ்வொரு காணிக் குறிப்பிலும் உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், நில அளவைப் பட இலக்கம் ஆகியவற்றை எழுத்தாகவே அடித்து வையுங்கள். நொத்தாரிசு உறுதியின் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவது வழக்கம். பென் டிரைவ் கெட்டாலும், அந்த விபரங்கள் கையில் இருந்தால் அங்கே சான்றுப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். முழு ஃபோல்டரின் இன்னொரு பிரதியைத் தம்பியின் கணினியில் போட்டு, இணைப்புகளை அங்கேயே ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள்.