மலேசியாவில் அரசு சாராத ஊடகங்கள் எப்படித் தோன்றின? மலேசியாகினி என்ற இணையச் செய்தித்தளத்துக்கு முன்னால் எதுவுமே இல்லையா?

1998-ல் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஃபோட்டோஸ்டாட் கடையில் வேலை பார்த்தேன். பக்கத்தில் ஒரு கல்லூரி. பாடக் குறிப்புகளை நகலெடுக்க வரும் பிள்ளைகளால்தான் கடை ஓடியது. அந்த வருடம் செப்டம்பர் 2-ஆம் தேதி துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிமைப் பிரதமர் மகாதீர் பதவியிலிருந்து தூக்கினார். அடுத்த சில வாரங்களில் கடைக்கு வேறு மாதிரி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வங்கியில் வேலை செய்கிறவர், பள்ளி ஆசிரியை, ஒரு தடவை சீருடையோடு ஒரு தபால்காரர். எல்லார் கையிலும் இணையத்திலிருந்து அச்செடுத்த நாலைந்து தாள்கள். குப்புற வைத்துத்தான் நீட்டுவார்கள். "ஐம்பது செட் போடுங்க தம்பி." என் தவுக்கே, அதாவது முதலாளி, நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். "மெஷினைப் பாரு, தாளைப் பாக்காதே" என்பார்.

பார்க்காமல் இருக்க முடியுமா? 'லாமான் ரிஃபார்மாசி', 'மகாஸாலிம்' என்று அன்வாருக்கு ஆதரவான அந்த வலைப்பக்கங்களின் பெயர்களை நான் முதலில் தெரிந்துகொண்டது கணினித் திரையில் அல்ல, அந்த ஜெராக்ஸ் தாள்களில்தான். இணைய இணைப்பு வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். அவர்களிடமிருந்து தாளில் இறங்கி, தாளிலிருந்து கம்பத்துக்கும் (மலாய்க் கிராமம்) தோட்டத்துக்கும் போனது.

நான் பத்திரிகைக்காரன் இல்லை, காசு கொடுத்துப் படித்தவன். அந்தப் பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மலேசியாகினிக்கு முன்னால் எதுவும் இல்லை என்பது தவறு. மலாய்ப் பத்திரிகையான உத்துசான் மெலாயுவின் ஆரம்பத்தைப் பாருங்கள். 1939-ல் சிங்கப்பூரில் யூசோப் இஷாக் அதைத் தொடங்கியபோது டாக்சி ஓட்டுகிறவர்களும் விவசாயிகளும் சில்லறை சில்லறையாகப் பங்கு வாங்கினார்கள். பின்னாளில் சிங்கப்பூரின் முதல் அதிபரான அதே யூசோப் இஷாக்தான். 1961-ல் ஆளும் மலாய்க் கட்சியான அம்னோ அந்தப் பத்திரிகையைத் தன் கைக்குள் கொண்டுவரப் பார்த்தது. ஆசிரியர் சாயிட் ஸஹாரி தலைமையில் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மூன்று மாதம் தாக்குப்பிடித்தார்கள், கடைசியில் தோற்றார்கள். சாயிட் ஸஹாரியை மலாயாவுக்குள் திரும்ப விடவில்லை. 1963-ல் சிங்கப்பூரில் பிடித்து விசாரணை இல்லாமல் 17 வருடம் உள்ளே வைத்தார்கள்.

அதற்குப் பிறகு பெரிய பத்திரிகைகள் ஒவ்வொன்றாக ஏதோ ஓர் ஆளுங்கட்சியின் மடியில் போய் உட்கார்ந்தன. ஆங்கில நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் அம்னோ பக்கம். தி ஸ்டார் சீனர்களின் ம.சீ.ச. கட்சியிடம். நம் வீடுகளுக்கு வந்த தமிழ் நேசன், 1924-ல் தொடங்கிய பாரம்பரியமான நாளிதழ், இந்தியர்களின் கட்சியான ம.இ.கா.வின் தலைவர் சாமிவேலு குடும்பத்தின் கையில். கிள்ளானில் அப்பா முடிவெட்டும் கடையில் அதைத்தான் படிப்பார். "தலைவர் இன்னைக்கு எங்க ரிப்பன் வெட்டினார்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டுத்தான் பிரிப்பார்.

கட்சி வாங்காமல் விட்டதை பெர்மிட் பார்த்துக்கொண்டது. அவசரகாலத்தில் 1948-ல் வெள்ளைக்காரன் போட்ட அச்சகச் சட்டத்தை 1984-ல் தூசு தட்டிப் புதிதாக்கினார்கள். பத்திரிகை நடத்த உள்துறை அமைச்சரின் உரிமம் வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஒரு வழக்கும் போட வேண்டியதில்லை, ஒருவரையும் கைது செய்ய வேண்டியதில்லை. டிசம்பர் மாதம் வந்தாலே ஆசிரியருக்கு வயிறு கலங்கும், அவ்வளவுதான். 1987 அக்டோபரில் 'ஆப்பரேஷன் லாலாங்' நடந்தபோது நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். கூடவே தி ஸ்டார், சீன மொழி சின் சியூ ஜிட் போ, மலாய் வாத்தான் ஆகியவற்றின் பெர்மிட்டையும் பறித்தார்கள். அடுத்த மார்ச்சில் திருப்பிக் கொடுத்தார்கள். திரும்பி வந்த ஸ்டார் பழைய ஸ்டாராக இல்லை.

இதற்கு நடுவிலும் பினாங்கிலிருந்து 'அலிரான்' இதழ் வந்துகொண்டிருந்தது. விலை குறைவு, விளம்பரம் கிடையாது. ஆங்கிலத்தில் நடத்த விட்டவர்கள் மலாயில் நடத்த பெர்மிட் தரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 1990-ல் அமைச்சர் ஜெயித்தார். ஆங்கிலத்தில் நாலு படித்தவர்கள் பேசிக்கொண்டால் பரவாயில்லை, மலாயில் கம்பத்துக்காரன் படித்தால்தான் ஆபத்து என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆளுக்கு ஆள் வேறு எதையோ சொல்வார்கள், என்னைக் கேட்டால் மலேசியாகினியின் விதை ஒரு வெளிவராத செய்திதான். 1995-ல் தி சன் நாளிதழின் நிருபர்கள் சிலர் செமினி குடிநுழைவுத் தடுப்பு முகாமில் 59 பேர் இறந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் வங்காளதேசத் தொழிலாளர்கள். டைபாய்டு, பெரிபெரி மாதிரி குணப்படுத்தக்கூடிய நோய்கள். பத்திரிகை அந்தச் செய்தியைப் போடவில்லை. நிருபர்கள் விவரத்தை தொழிலாளர் உரிமைக்காகப் பேசும் தெனாகனித்தா அமைப்பின் ஐரீன் பெர்னாண்டஸிடம் கொடுத்தார்கள். அவர் அறிக்கையாக வெளியிட்டார். முகாமை நடத்தியவர்கள் மேல் வழக்கு வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். வழக்கு வந்தது ஐரீன் மேல், 'பொய்ச்செய்தி வெளியிட்டார்' என்று. 2003-ல் ஒரு வருடச் சிறைத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் 2008-ல்தான் விடுதலை கிடைத்தது. அந்த நிருபர் கூட்டத்தில் இருந்த ஸ்டீவன் கானும், தி சன்னில் அவரோடு வேலை பார்த்த பிரேமேஷ் சந்திரனும்தான் பிறகு மலேசியாகினியைத் தொடங்கினார்கள்.

சரி, பெர்மிட் இல்லாமல் எப்படித் தொடங்க முடிந்தது? மகாதீரே கதவைத் திறந்து வைத்திருந்தார். 1996-ல் 'மல்டிமீடியா சூப்பர் காரிடார்' என்று பெரிய திட்டம் போட்டார். சைபர்ஜெயா எல்லாம் அப்போது வந்ததுதான். வெளிநாட்டுக் கணினி நிறுவனங்களை இழுக்க ஓர் உறுதிமொழிப் பட்டியல் கொடுத்தார்கள். அதில் ஒன்று, இணையத்துக்குத் தணிக்கை கிடையாது என்பது. 1998-ல் வந்த தொடர்புத்துறைச் சட்டத்திலும் அதை எழுதி வைத்தார்கள். பத்திரிகைச் சுதந்திரம் அவர்கள் நினைப்பிலேயே இல்லை, முதலீட்டாளருக்காக எழுதிய வரி அது. அதற்குள்தான் இவர்கள் நுழைந்தார்கள். காகிதத்தில் அச்சடித்தால் பெர்மிட் வேண்டும், திரையில் போட்டால் வேண்டாம்.

1999 நவம்பர் 20-ல் மலேசியாகினி வந்தது. 'கினி' என்றால் மலாயில் 'இப்போது'. பொதுத்தேர்தலுக்கு ஒன்பதே நாள் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு குழுப் படத்தில் அன்வாரின் முகத்தை எடுத்துவிட்டு வேறொருவர் முகத்தை ஒட்டி சின் சியூ வெளியிட்டிருந்ததை அவர்கள் அம்பலப்படுத்தினார்கள். எங்கள் கடையில் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுக்கச் சீன வாடிக்கையாளர்களே வந்தார்கள்.

ஆனால் அந்தத் தேர்தலில் நிஜமான 'மாற்று ஊடகம்' எது என்று கேட்டால், ஹராக்கா என்று சொல்வேன். பாஸ் கட்சியின் வாரம் இருமுறைப் பத்திரிகை. முதல் பக்கத்திலேயே 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று போட்டிருக்கும், பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வறுத்த கோழிக் கடைக்குப் பக்கத்தில் விற்கும். விற்பனை 3 லட்சத்தைத் தாண்டியது. உள்ளே ஆங்கிலப் பக்கங்களும் உண்டு. நெற்றியில் திருநீற்றோடு நான் இஸ்லாமியக் கட்சிப் பத்திரிகை வாங்கினால் விற்பவர் சிரித்துக்கொண்டே மடித்துக் கொடுப்பார். 2000-ல் அதை மாதம் இரண்டு முறைதான் வெளியிடலாம் என்று பெர்மிட்டை வெட்டினார்கள். காகிதத்துக்கு நேர்ந்தது அது. மலேசியாகினியை அப்படி வெட்ட முடியவில்லை. அமெரிக்கப் பணக்காரர் சோரோஸின் பணம் என்றார்கள், நிருபர்களுக்கு அடையாள அட்டை தர மறுத்தார்கள். 2003 ஜனவரியில் ஒரு வாசகர் கடிதத்தைக் காரணம் காட்டி போலீஸ் அலுவலகத்தில் நுழைந்து 19 கணினிகளை அள்ளிக்கொண்டு போனது. அன்றைக்கே தளம் மறுபடி ஓடியது.

தமிழர்களுக்கு இதெல்லாம் எட்டியது எப்போது என்றால், 2007 நவம்பர் 25. இந்தியர் உரிமைக்காகப் போராடிய ஹிண்ட்ராஃப் அமைப்பின் பேரணி. பிரிட்டிஷ் மகாராணிக்கு மனுக் கொடுக்கக் கூட்டம் கூடியது, அம்பாங் சாலையில் கண்ணீர்ப்புகையும் ரசாயன நீரும் அடித்தார்கள். விடிகாலையில் பத்துமலைக் கோயில் வாசலில் நடந்தது அதைவிட மோசம். என் தம்பி போயிருந்தான். நான் போகவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னேன், காய்ச்சல் லேசாகத்தான் இருந்தது. மாலையில் தொலைக்காட்சியில் 'சட்டவிரோதக் கூட்டம்' என்ற இரண்டு வார்த்தைதான் திரும்பத் திரும்ப வந்தது. இரவு பதினொன்றுக்கு மலேசியாகினியின் வீடியோவில்தான் பத்துமலைப் படிக்கட்டுப் பக்கம் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்தேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இணையம் என்றால் என்னவென்றே தெரியாத அம்மா, "இத ஏன் டீவில போடல?" என்றார்.

தமிழ்ப் பத்திரிகைகளைச் சும்மா பழிக்க முடியாது. அவர்கள் கழுத்திலும் அதே பெர்மிட் கயிறுதான். 2007 ஆகஸ்டில் மக்கள் ஓசை, கையில் சிகரெட்டோடு ஏசுநாதர் இருப்பதுபோன்ற ஒரு படத்தைப் போட்டுவிட்டது. மன்னிப்புக் கேட்டும் ஒரு மாதம் வெளிவரக் கூடாது என்று நிறுத்தினார்கள். அது அவர்கள் பிழை என்றே வைத்துக்கொள்வோம். 2008 தேர்தலில் அதே மக்கள் ஓசை எதிர்க்கட்சிச் செய்திகளுக்குத் தாராளமாக இடம் கொடுத்தது. ஏப்ரலில் பெர்மிட்டைப் புதுப்பிக்க மறுத்தார்கள். ஊரெல்லாம் சத்தம் போட்ட பிறகு அதே மாதத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தத் தேர்தலில், 2008 மார்ச் 8-ல், ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது, ஐந்து மாநிலங்களில் எதிர்க்கட்சிகள் ஜெயித்தன. விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கும் ஐ.எஸ்.ஏ. சட்டத்தில் உள்ளே இருந்த ஹிண்ட்ராஃப் வழக்கறிஞர் மனோகரன் சிறையிலிருந்தபடியே சட்டமன்ற உறுப்பினரானார்.

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்கிறேன். வருடாந்திரப் புதுப்பிப்பை 2012-ல் எடுத்துவிட்டார்கள், பெர்மிட்டை மட்டும் எடுக்கவில்லை. 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிதியின் ஊழல் விவகாரத்தில் 2015-ல் தி எட்ஜ் இதழை மூன்று மாதம் நிறுத்தினார்கள், நீதிமன்றம் அதை ரத்து செய்தது. லண்டனிலிருந்து வந்த சரவாக் ரிப்போர்ட் தளத்தை முடக்கினார்கள். தணிக்கை இல்லை என்ற வாக்குறுதி அத்தோடு போயிற்று. 2016 பிப்ரவரியில் தி மலேசியன் இன்சைடரையும் முடக்கினார்கள், மார்ச்சில் அது மூடப்பட்டது. நல்ல செய்தித்தளம். மூடியதற்குச் சொன்ன காரணம் நஷ்டம்.

அந்த நஷ்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுதந்திர ஊடகத்தைக் கொல்ல போலீஸ் தேவையில்லை, விளம்பரதாரர் பயந்தால் போதும். மலேசியாகினி 2002-லேயே சந்தா கேட்க ஆரம்பித்தது. இணையத்தில் காசு கொடுத்துப் படிப்பதா என்று நானும் சிரித்தவன்தான். இரண்டு வருடம் நண்பனின் கடவுச்சொல்லில் திருட்டுத்தனமாகப் படித்தேன், அப்புறம்தான் வெட்கம் வந்து கட்டினேன். பெட்டாலிங் ஜெயாவில் சொந்தக் கட்டடம் வாங்க ஒரு செங்கல் 1,000 ரிங்கிட் என்று விற்றார்கள். 2014-ல் அங்கே குடிபோனார்கள். செங்கல் வாங்கியவர்கள் பெயர் அங்கே இருக்கிறது. என் பெயர் இல்லை, அந்த வருடம் வீட்டுக் கூரை ஒழுகியது.

2021 பிப்ரவரி 19, வெள்ளிக்கிழமை. வாசகர்கள் எழுதிய ஐந்து கருத்துகளுக்காக மலேசியாகினி நீதிமன்ற அவமதிப்புக் குற்றம் செய்தது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஏழு நீதிபதிகளில் நளினி பத்மநாதன் மட்டும் மாறுபட்டார். அரசுத் தரப்பு கேட்டது 2 லட்சம் ரிங்கிட் அபராதம், நீதிமன்றம் போட்டது 5 லட்சம். மூன்று நாளில் கட்ட வேண்டும். அவர்கள் வாசகர்களிடம் கேட்டார்கள். நான் கைப்பேசியில் 50 ரிங்கிட் அனுப்பிவிட்டுத் தம்பிக்குச் செய்தி போட்டேன். லோரி ஓட்டிக்கொண்டிருந்தவன் மாலையில்தான் பார்த்தான். அவன் பணம் போடப் போனபோது, முழுத் தொகையும் சேர்ந்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை. "கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல அண்ணே" என்று இன்றைக்கும் என்னிடம் குறைபட்டுக்கொள்வான்.