பாசிக்கோடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடற்கரைகளைப் பற்றிய கலைக் கண்காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பழைய ஓவியங்கள், நிலப்படங்கள், புகைப்படங்கள், நடுநடுவே கடல்மட்டம் உயர்வதைக் காட்டும் வரைபடங்கள். ஓவியத்தில் மனம் லயிக்கும்போது வரைபடம் குறுக்கே வந்தது. வரைபடத்தைப் படித்த பின் ஓவியம் வெறும் அலங்காரமாகத் தெரிந்தது. சூழல் மாற்றத்தைச் சொல்ல அறிவியல் போதாதா? ஓவியனுக்கு அங்கே என்ன வேலை? மணலில் ஊன்றிய அலைத்தடுப்புக் கட்டைகளை மட்டும் வரைந்த சின்ன நீர்வண்ண ஓவியம் ஒன்றை எதற்காக மாட்டினார்கள் என்றே புரியவில்லை.

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் எரிச்சலில் பாதி எனக்கும் உண்டு. ஓவியத்துக்குப் பக்கத்தில் அரைப்பக்க விளக்கத்தை ஒட்டி, நாம் எதற்கு வருந்த வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுக்கும் கண்காட்சிகளிலிருந்து பாதியில் வெளியேறியிருக்கிறேன். ஆனால் ஓவியனுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு அறிவியலாளர்களே பதில் வைத்திருக்கிறார்கள்.

வெனிஸில் கடல்மட்டத்தைக் கருவி வைத்து முறையாக அளக்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதற்கு முந்தைய நிலவரத்துக்கு வெனிஸ் ஓவியர் கனலெட்டோ இருக்கிறார். 18ஆம் நூற்றாண்டில் இருட்டறைப் பெட்டியின் (எதிரே உள்ள காட்சியைத் தாளில் விழச் செய்யும் கருவி) துணையோடு கால்வாயோர மாளிகைகளைத் துல்லியமாக வரைந்தவர். ஓதம், அதாவது கடல்நீர், அன்றாடம் ஏறி இறங்கும் உயரம்வரை அடிச்சுவரில் படிந்திருந்த பாசியையும் அவர் விடவில்லை. அவருடைய சகோதரி மகன் பெல்லோட்டோவும் அப்படித்தான். டாரியோ கமுஃபோ என்ற இத்தாலிய ஆய்வாளர் ஓவியங்களில் உள்ள பாசிக்கோட்டை அதே சுவர்களின் இன்றைய பாசிக்கோட்டோடு ஒப்பிட்டார். சுமார் 60 சென்டிமீட்டர் மேலேறியிருந்தது. கடல் உயர்ந்ததும் நகரம் அமிழ்ந்ததும் சேர்ந்த கணக்கு அது.

கனலெட்டோ யாரையும் எச்சரிக்க வரையவில்லை. ஊர் பார்க்க வந்த ஆங்கிலேயச் செல்வந்தர்களுக்கு விற்க வரைந்தார். பாசியைத் துடைத்துவிட்டு வரைந்திருந்தாலும் வாங்கியிருப்பார்கள், ஒருவேளை இன்னும் மகிழ்ச்சியாக. சுவரில் இருந்தது, வரைந்தார். நான் கண்காட்சிகளில் தேடிப் போவது அந்தக் கண்ணைத்தான்.

ஆங்கில ஓவியர் டர்னரை இப்படி அளக்கப் பயன்படுத்த முடியாது. குன்றை உயர்த்துவார், கடலைக் கொந்தளிக்க விடுவார். இங்கிலாந்தின் டன்விச் என்ற கடலோர ஊரை அவர் 1830ஐ ஒட்டி வரைந்தார். அந்த ஓவியத்தில் மேட்டின்மேல் நிற்கும் தேவாலயம் 1904க்கும் 1919க்கும் இடையில் துண்டுதுண்டாகக் கடலில் விழுந்தது. ஆனால் ஒன்று: பெரிய துறைமுகமாயிருந்த அந்த ஊரை 13ஆம் நூற்றாண்டிலேயே புயல்கள் தின்னத் தொடங்கிவிட்டன. எல்லாக் கடலரிப்பையும் இன்றைய வெப்பமாதலின் கணக்கில் எழுதும் கண்காட்சி என்றால் நானும் உங்கள் கட்சி.

இன்றைய கலைஞர்களில் பெக்கா நீட்டிவிர்ட்டாவும் டிமோ அஹோவும் செய்ததைப் பாருங்கள். 2018இல், ஸ்காட்லாந்தின் வட யூயிஸ்ட் தீவில், கட்டடச் சுவர்களின் குறுக்கே ஓர் ஒளிக்கோடு. ஓதம் ஏறும்போது எரியும். வருங்காலத்தில் நீர் எட்டக்கூடிய உயரத்தைக் காட்டும். கனலெட்டோவின் கோடு நடந்து முடிந்தது, இது நடக்கவிருப்பது. இரண்டும் சுவரில் ஒரு கோடுதான். விளக்க அட்டை தேவைப்படவில்லை.

நேரம் கிடைத்தால் இன்னொரு முறை போய்வாருங்கள். அந்த மரக்கட்டைகள் மணலுக்கு மேலே எவ்வளவு தெரிகின்றன என்று பாருங்கள். அதே கரையின் பிற்காலப் புகைப்படம் அந்தக் கூடத்தில் எங்காவது மாட்டியிருந்தால், அதில் எவ்வளவு தெரிகின்றன என்பதையும்.